பிளேட்லெட் டெஸ்டில் மனநோய் தெரியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. பாலிடெக்னிக் முடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் தனக்கு எதிராக ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஓலன்சபின் கொடுத்தார்கள். போன வருடம் மறுபடி அதிகமானபோது வால்ப்ரோயேட்டும் சேர்த்தார்கள். இப்போது நன்றாகவே இருக்கிறான். ஆனால் அப்பா நம்ப மறுக்கிறார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல, அப்புறம் என்ன நோய்?" என்கிறார். பயோகெமிஸ்ட்ரி படிக்கும் சித்தப்பா மகன், "பிளேட்லெட்டும் மூளை நரம்பும் ஒரே மாதிரிதான். பிளேட்லெட்டில் செரோடோனின் அளந்தால் மனநோய் தெரிந்துவிடும், அதைச் செய்கிற லேப் இருக்கிறது" என்கிறான். பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம். செய்யலாமா? போன வருடம் டெங்கு வந்து பிளேட்லெட் 38,000-க்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் தம்பிக்கு அதிகமானது. அதுதான் காரணமா? என் மகளுக்கு 8 வயது. அவளுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? தம்பிக்கு சிகரெட் பழக்கம் உண்டு, இப்போது விட்டுவிட முயற்சி செய்கிறான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பத்திரப்படுத்திவிடுவோம். அந்த டெஸ்ட் வேண்டாம். தம்பிக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம். பிளேட்லெட்டில் செரோடோனின் (மூளையில் நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று) அளந்து மனச்சிதைவு இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்ல இன்று உலகத்தில் எந்த மனநல மருத்துவராலும் முடியாது. அப்படிச் சொல்லி ஒரு லேப் ரிப்போர்ட் கொடுத்தால், உங்கள் தம்பியின் டாக்டர் அதைப் பார்த்து மருந்தை மாற்றப்போவதும் இல்லை.

ஆனால் சித்தப்பா மகனைத் திட்டிவிடாதீர்கள். அவர் சொன்னதில் முதல் பாதி சரி. பிளேட்லெட்டை வைத்து மனநோயைப் படிக்கலாம் என்று மூளை ஆராய்ச்சியின் பெரிய தலைகளே பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். படிப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு. அந்த வித்தியாசத்தைச் சொன்னால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

பிளேட்லெட்டை நாமெல்லாம் டெங்கு புண்ணியத்தில் தெரிந்துவைத்திருக்கிறோம். பாடப்புத்தகத்தில் தட்டணு என்று இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். 1882-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சொசேரோ என்ற மருத்துவர்தான் இது தனியான ஒரு ரத்தத் துகள், ரத்தம் உறைய இதுதான் முதலில் ஓடிவருகிறது என்று தெளிவாகக் காட்டினார். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து உடைந்து வருகிற துண்டு இது. உட்கரு கிடையாது. ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆயுள். மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

சம்பந்தம் செரோடோனின் வழியாக வந்தது. 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் சீரத்தில் ரத்தக் குழாயைச் சுருங்கவைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் செரோடோனின். அப்போது அது ரத்தச் சமாச்சாரம் மட்டும்தான். அதே கிளினிக்கில் பெட்டி ட்வாராக் என்ற பெண் விஞ்ஞானி அது மூளையிலும் இருக்கிறது என்று கண்டார், 1953-இல் அது அச்சில் வந்தது. அதே காலத்தில்தான் எல்.எஸ்.டி. என்ற பொருளைத் துளி அளவு சாப்பிட்டாலே இல்லாதது தெரிகிறது என்று உலகம் பேசிக்கொண்டிருந்தது. அந்த எல்.எஸ்.டி. செரோடோனினோடு மோதுகிறது என்று எடின்பரோவில் காடம், நியூயார்க்கில் வூலியும் ஷாவும் கண்டார்கள். காடம் அதைத் தானே சாப்பிட்டும் பார்த்தார். அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. செரோடோனின் கெட்டால் மனம் கெடுமோ என்ற கேள்வி 1954 வாக்கில் இப்படித்தான் பிறந்தது.

கேள்வி பிறந்துவிட்டது, பார்ப்பது எப்படி? உயிரோடு இருப்பவரின் மூளையைக் கொஞ்சம் வெட்டியெடுத்துப் பார்க்க முடியாது. இறந்தவர் மூளையில் கடைசி நோயும், பல வருட மருந்தும், இறந்து கிடந்த நேரமும் கலந்துவிடும். முதுகுத்தண்டு நீரை எடுக்கலாம், ஆனால் அதற்கு ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு. ரத்தம் மட்டும்தான் எல்லோரும் கையை நீட்டிக் கொடுப்பது. ரத்தத்திலுள்ள செரோடோனின் கிட்டத்தட்ட முழுவதும் பிளேட்லெட்டுக்குள்தான் இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்த்தபோது ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. நரம்புச் செல் தான் வெளிவிட்ட செரோடோனினைத் திரும்ப உள்ளே இழுக்கப் பயன்படுத்தும் புரதம் எதுவோ, அதே புரதம், அதே மரபணுவிலிருந்து வந்தது, பிளேட்லெட்டின் மேலும் இருக்கிறது. இழுத்ததைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்துவைப்பதும், தூண்டியவுடன் கால்சியம் ஏறிப் பைகள் உடைந்து கொட்டுவதும் இரண்டிலும் நடக்கின்றன. மூளையில் செரோடோனின் 2ஏ என்று ஓர் ஏற்பி, அதாவது செரோடோனின் வந்து ஒட்டும் புரதம், உண்டு. எல்.எஸ்.டி. போய் ஒட்டிக்கொள்வதும், ஓலன்சபின் போய் அடைப்பதும் அதில்தான். அதுவும் பிளேட்லெட்டில் இருக்கிறது. வேலை முடிந்த செரோடோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியில் பி வகையும் இருக்கிறது. மூளையில் செல்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தையும் பிளேட்லெட் சுமந்துகொண்டு திரிகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பிளெட்ஷர் போன்றவர்கள் இதை நரம்புச் செல்லுக்கு மாதிரியாக வைத்து வருடக்கணக்கில் வேலை செய்தது சும்மா இல்லை.

நம் ஊர்ச் செடி ஒன்றுக்கும் இதில் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துப் பார்த்ததை 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் எழுதினார்கள். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. ரெசர்பின் கொடுத்தால் மூளையிலும் செரோடோனின் காலியாகிறது, பிளேட்லெட்டிலும் காலியாகிறது என்று தெரிந்தபோது, இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கலாம் என்ற நம்பிக்கை உறுதிப்பட்டது. (இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் வேரைத் தேடாதீர்கள். ரத்த அழுத்தத்தைத் தரைக்கு இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரும். மனநோய்க்கு அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.)

இனிதான் உங்களுக்கு வேண்டிய பகுதி. 1972-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மர்ஃபியும் வயட்டும், நாள்பட்ட மனச்சிதைவு உள்ளவர்களின் பிளேட்லெட்டில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் வேலை செய்வது குறைந்திருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த வருடம் வயட் குழு இன்னொரு படி போனது. இரட்டையரில் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை என்ற ஜோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயில்லாதவரிடமும் அந்த நொதி குறைவாகவே இருந்தது. அப்படியென்றால் இது நோயின் விளைவு இல்லை, நோய் வரக்கூடிய பிறவி அடையாளம் என்று பேச்சு எழுந்தது. யோசித்துப் பாருங்கள்: நோய் வருமுன்பே ரத்தத்தில் ஓர் அடையாளம்! உங்கள் சித்தப்பா மகன் இன்று சொல்வது 50 வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய இதழ்களில் வந்த ஆசைதான்.

பிறகு மற்ற ஊர்களில் அதே சோதனையைச் செய்தார்கள். சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. ஏன் என்று தோண்டியபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மனநோய் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் அந்த நொதி குறைகிறது. ரத்தசோகையில், இரும்புச்சத்து குறைந்தால், அப்போதும் குறைகிறது. 1975-இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி சிகரெட். புகையில் இருக்கும் சில பொருள்கள் அந்த நொதியை நேராகவே அடைக்கின்றன. 1996-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஜோவானா ஃபௌலர் குழு, புகைப்பவர்களின் மூளையிலேயே பி வகை நொதி சுமார் 40% குறைவு என்று ஸ்கேனில் படம் பிடித்துக் காட்டியது. மேல்நாட்டு மனநல ஆஸ்பத்திரிகளில் மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் சிகரெட்டும் கையுமாக இருந்தவர்கள். ஆக, நோயின் அடையாளம் என்று நினைத்ததில் பெரும் பங்கு புகையின் அடையாளம்.

உங்கள் தம்பி சிகரெட் பிடிக்கிறார், ஓலன்சபின் சாப்பிடுகிறார். இன்று அவர் ரத்தத்தை எடுத்து அளந்தால் வரும் எண்ணில் சிகரெட் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு, நோய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. அதை முதலில் அந்த லேபிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த ஆராய்ச்சியை நான் கேலி செய்யவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட வேலை அது. தவறு எங்கே என்று கண்டுபிடித்ததும் அதே துறைக்காரர்கள்தான். இடைஞ்சல் பிளேட்லெட்டின் இயல்பிலேயே இருக்கிறது. அது மூளைக்கு வெளியே வாழ்கிறது. செரோடோனினைத் தானே தயாரிக்கத் தெரியாது. உடலின் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் உருவாவது குடலில். அங்கிருந்து ரத்தத்தில் கலப்பதைத்தான் பிளேட்லெட் பொறுக்கிக்கொள்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். ரத்தத்தின் செரோடோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போகாது. எனவே பிளேட்லெட்டில் செரோடோனின் கூடவோ குறையவோ இருந்தால், அது முதலில் சொல்வது குடலின் கதையையும் இழுக்கும் புரதத்தின் கதையையும். ஒரே கம்பெனி ஸ்விட்சை இரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். இந்த வீட்டு ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தால் அந்த ஸ்விட்சின் தரம் தெரியும். அடுத்த வீட்டு வயரிங்கில் எங்கே எலி கடித்திருக்கிறது என்று தெரியாது.

இன்னொன்று, பிளேட்லெட் தொட்டாற்சிணுங்கி. ரத்தம் கசிகிற இடத்தைக் கண்டால் பாய்வதற்காகவே படைக்கப்பட்டது. ஊசி கொஞ்சம் தடுமாறினாலும், குழாயை வேகமாகக் குலுக்கினாலும், குளிரில் வைத்தாலும், நேரம் ஆனாலும் விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். லண்டனில் குஸ்டாவ் போர்ன் 1962-இல் பிளேட்லெட் ஒட்டுவதை ஒளியால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். (இயற்பியல் நோபல் பெற்ற மாக்ஸ் போர்னின் மகன் இவர்.) இன்றும் அந்த முறையில்தான் பல இடங்களில் அளக்கிறார்கள். அதற்கே ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதனையை முடித்தாக வேண்டும். உங்கள் ஊரில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகிற சாம்பிளில் செரோடோனின் எவ்வளவு என்று வருகிற எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

சரி, அப்படியானால் இத்தனை வருட வேலை வீணா? இல்லை. பிளேட்லெட்டிடம் சரியான கேள்வி கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்சடின், எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் செரோடோனினை இழுக்கும் புரதத்தை அடைப்பவை. அவை அடைக்கின்றனவா, எவ்வளவு அடைக்கின்றன என்பதை பிளேட்லெட்டில் அழகாகப் பார்க்கலாம். ஏனென்றால் கேள்வியே ஸ்விட்சைப் பற்றியது. அந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களின் பிளேட்லெட்டில் செரோடோனின் வற்றிப்போகிறது, அதனால் ரத்தம் உறையும் வேகம் சற்றுக் குறைகிறது. அதோடு ஆஸ்பிரினோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடுகிறது. இதை இன்று டாக்டர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பிளேட்லெட்டால் மனநல மருத்துவத்துக்குக் கிடைத்த உருப்படியான லாபம் என்று நான் இதைத்தான் சொல்வேன். "இந்த மருந்து இந்தப் புரதத்தைத் தொடுகிறதா?" என்றால் பதில் உண்டு. "இந்தப் பையனுக்கு மனச்சிதைவா?" என்றால் பதில் கிடையாது.

பிளேட்லெட்டில் குளுட்டமேட் என்ற இன்னொரு மூளைச் செய்திப் பொருளை இழுக்கும் வேகம், மைட்டோகாண்ட்ரியாவின் வேலை, பி.டி.என்.எஃப். அளவு என்று பல கோணங்களில் ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. ஆனால் 2006-இல் ஜப்பானின் யாமனாகா சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி எந்த வகைச் செல்லாகவும் வளர்க்கலாம் என்று காட்டிய பிறகு, நோயாளியின் தோல் செல்லிலிருந்தே நரம்புச் செல்லை வளர்த்துப் படிக்கிறார்கள். மாதிரிக்குப் பதில் அசலையே வளர்க்க முடிகிறபோது மாதிரிக்கு மவுசு குறையத்தானே செய்யும்.

இப்போது மகள். அக்கா தம்பி பாசத்தில் இந்தப் பயம் வருவது இயல்பு, வெளியே சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும், சொன்னது நல்லது. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு வருகிறது. தாய்மாமனுக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு என்று கணக்கு. அதாவது 96 பங்கு வராது. ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வருவது பாதிக்கும் கீழேதான்.

டெஸ்ட் எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுகிறேன். 100 பேரில் 80 பேரைச் சரியாகச் சொல்கிற ஒரு டெஸ்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்று இல்லை, சும்மா வைத்துக்கொள்வோம். 1,000 குழந்தைகளுக்கு எடுக்கிறோம். அவர்களில் 10 பேருக்குத்தான் பின்னால் நோய் வரப்போகிறது. டெஸ்ட் அதில் 8 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 20 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும், அது 198 பேர். மொத்தம் 206 வீடுகளுக்கு "வரும்" என்று ரிப்போர்ட் போகும். அதில் 198 வீட்டில் அது பொய். அந்த 198 குழந்தைகளும் அதற்குப் பிறகு கொஞ்சம் கோபப்பட்டாலும், தனியாக உட்கார்ந்தாலும் வீட்டில் எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள்?

நன்றாக நிரூபணமான விஷயம்கூட டெஸ்டாக மாறுவதில்லை என்பதற்கு ஆட்டிசம் ஓர் உதாரணம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ரத்தச் செரோடோனின் கூடுதலாக இருப்பதை 1961-இல் கண்டார்கள். திரும்பத் திரும்பப் பல நாடுகளில் பார்த்தும் அது நின்றது. ஆனாலும் இன்றுவரை ஆட்டிசத்துக்கு அது பரிசோதனை இல்லை. கூட்டத்தின் சராசரியில் வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. ஒரு குழந்தையின் எண்ணை மட்டும் பார்த்து அது எந்தக் கூட்டம் என்று சொல்ல முடிவதில்லை.

மகளை இயல்பாக வளர விடுங்கள். பிற்காலத்தில், பதின்வயதில், கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இந்த நோய் இருப்பவர்களுக்கு அது நிஜமான ஆபத்து. பிளேட்லெட்டைவிட அது பத்து மடங்கு முக்கியம்.

டெங்கு பற்றி: பிளேட்லெட் 38,000-க்கு இறங்கியதால் மனநோய் அதிகமாகவில்லை. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை எண்ணிக்கை சரிந்து, பிறகு தானே ஏறிவிடும். அந்தச் சரிவுக்கும் மனதுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நான் வேறொன்றைச் சந்தேகப்படுகிறேன். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மனநல மாத்திரை ஒழுங்காக உள்ளே போனதா? வாந்தி, சாப்பிட முடியாமை, "இப்ப இது வேற எதுக்கு" என்று யாரோ நிறுத்தியது, ட்ரிப்ஸ் ஏற்றியபோது பழைய சீட்டைக் காட்ட மறந்தது, இப்படி ஒரு வாரம் பத்து நாள் விட்டுப்போவது நான் அடிக்கடி பார்ப்பது. கூடவே தூக்கமில்லாத இரவுகள். நோய் திரும்பிவர அது போதும். அந்த நாட்களின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஓலன்சபின் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இனி எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், என்ன நோய்க்காகச் சேர்த்தாலும், மனநலச் சீட்டை முதலில் நீட்டுங்கள். காய்ச்சலின் நடுவில் திடீரென்று இடம், நாள் தெரியாமல் உளறினால் மட்டும் மனநோய் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது உடல் நெருக்கடி, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் கொடுத்திருப்பீர்கள். எண்ணிக்கையைச் சற்று ஏற்றுவதாகச் சில சின்ன ஆய்வுகள் உண்டு. மனநோய்க்கு அதில் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையை நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. வால்ப்ரோயேட் சிலருக்கு பிளேட்லெட்டைக் குறைக்கும், டோஸ் கூடினால் வாய்ப்பும் கூடும். ஆகவே அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யும், ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி. பரிசோதனையை டாக்டர் சொல்கிற இடைவெளியில் எடுத்துவிடுங்கள். ஈறில் ரத்தம், தோலில் அடிபடாமலே கன்றிய தடம், சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மறுபடி டெங்குக் காய்ச்சல் வந்தால் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார் என்பதை அந்த டாக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். அந்தப் பல ஆயிரத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைக்குச் செலவு செய்யுங்கள். ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது. உங்கள் தம்பி வயதில் அதைத்தான் விடாமல் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் வருவோம். "ரத்தத்துல ஒண்ணும் இல்ல" என்பது அவர் நினைப்பதற்கு நேர் எதிரான தகவல். முதல்முறை இப்படி அறிகுறிகள் வரும்போது தைராய்டு, பி12, எச்.ஐ.வி., சிபிலிஸ், மூளை ஸ்கேன் என்று பார்ப்பது, மனச்சிதைவைப் போலவே நடிக்கிற வேறு நோய்களை ஒதுக்கத்தான். உதாரணத்துக்கு, உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் ஒரு மூளை அழற்சி 2007-இல் அடையாளம் காணப்பட்டது. முதலில் மனநோய் போலவே இருக்கும், ஆனால் வைத்தியம் முற்றிலும் வேறு. அது இருந்தால் முதுகுத்தண்டு நீரில் காட்டும், பெரும்பாலும் ரத்தத்திலும் காட்டும். இப்படிப்பட்டவை எதுவும் இல்லை, காதில் குரல் கேட்பதும் தவறான நம்பிக்கையும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன, வேலையும் பழக்கவழக்கமும் கெட்டுவிட்டன என்றால்தான் மனச்சிதைவு என்று முடிவு செய்கிறோம். அந்த முடிவு டாக்டரின் ஊகம் இல்லை. எழுதிவைத்த விதிகள் உண்டு, வேறொரு டாக்டர் பார்த்தாலும் பெரும்பாலும் அதே முடிவுக்கு வருவார். ஒற்றைத் தலைவலிக்கும் ரத்தத்தில் எதுவும் தெரியாது, அதற்காக வலி பொய் என்று யாரும் சொல்வதில்லை.

அப்பாவுக்கு ஒரு காகிதம்தான் வேண்டும் என்றால், அவரிடம் இதைச் சொல்லுங்கள்: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்கான சான்றிதழ் கொடுக்கும்போது மருத்துவர்கள் பார்ப்பது, தன்னைத்தானே கவனித்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, சொல்வது புரிகிறதா, வேலை செய்ய முடிகிறதா என்ற நான்கும், எத்தனை வருடமாக நோய் என்பதும்தான். சர்க்காரே ரத்த ரிப்போர்ட் கேட்பதில்லை. இதைவிட நல்ல வழி, அடுத்த ஓ.பி. தேதிக்கு அவரையே கூட்டிப்போவது. நீங்கள் சொன்னால் மகள் சொல்கிறாள் என்று தட்டிவிடுவார். தம்பியின் சம்மதத்தோடு டாக்டர் எதிரே உட்கார்ந்து, அவர் மனதில் இருக்கும் கேள்வியை அவர் வாயாலேயே கேட்கட்டும். பெரும்பாலான அப்பாக்களுக்கு நோயில் சந்தேகம் இருப்பதில்லை. மாத்திரை ஆயுசுக்கும் வேண்டுமா, கல்யாணம் ஆகுமா என்ற பயம்தான் இந்த வடிவத்தில் வெளியே வருகிறது. அதையும் அங்கேயே கேட்டுவிடலாம். தூரம், வேலை என்று தட்டிக்கழித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக சிகரெட். விடுவது மிக நல்லது, ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் விட வேண்டாம். புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் ஓலன்சபினைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவர்களுக்கு ரத்தத்தில் மருந்து அளவு குறைந்தே நிற்கும், டாக்டரும் அதற்கேற்ற டோஸைத்தான் எழுதியிருப்பார். திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே அதே மாத்திரை அதிகமாக வேலை செய்ய ஆரம்பிக்கும். பகலெல்லாம் தூக்கம், தலைசுற்றல், உடல் தளர்ச்சி வரலாம். வீட்டில் உள்ளவர்கள் சிகரெட்டை விட்டதால் வந்த சோர்வு என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லலாம். மருந்து அளவை மாற்றுவது புகைதான், நிக்கோட்டின் இல்லை. எந்தத் தேதியிலிருந்து விடப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லி, டோஸைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி பிடிக்க ஆரம்பித்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அப்போது டோஸ் போதாமல் போகலாம்.